பச்சை முகப் பாப்பா

ஜெப்ரினுக்கு 'ஜெப்ரின் சொன்னா பாஸ்' என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் இருந்தது. அதில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேர். கனிம வேதியியல் செய்முறைத் தேர்வில் ஒரு அரியரும் இருந்தது. அது தெரிந்தவள் வகுப்புத் தோழி பிரீத்திகா மட்டும்தான். வீட்டுக்குக்கூடத் தெரியாது.

எப்படிப் படிப்பது என்று ஊருக்குச் சொல்வதிலேயே நேரம் போனதால் அவனுக்குப் படிக்க நேரம் கிடைக்கவில்லை. டைம்டேபிள் போடுவது எப்படி என்று ஒரு ரீல் எடுக்க மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் எந்த டைம்டேபிளிலும் இருக்காது. வருகிற ஏப்ரலில் அரியரை முடித்துவிட்டால் யாருக்கும் தெரியாமலே போய்விடும். இல்லையென்றால் பக்கத்துக்கு வேறு பெயர்தான் யோசிக்க வேண்டும்.

அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ரீல், 'படிக்காதீங்க, பாருங்க'. அப்பா தேவாசீர்வாதம் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மிஷின் ஓட்டுபவர். கழித்துப்போட்ட பட்டாசு லேபிள் தாள்களைக் கட்டாகக் கொண்டுவருவார். பின்பக்கம் எழுத வெள்ளையாக இருக்கும். இந்த முறை வந்தவை புஸ்வாண லேபிள்கள். ஒரு கட்டின் மேல் 'சிவப்பு' என்றும் இன்னொன்றில் 'பச்சை' என்றும் பென்சிலில் எழுதியிருந்தது.

ஜெப்ரினுக்கு அங்கேதான் மூளை வேலை செய்தது. நெருப்பில் சிவப்பாக எரியும் ஸ்ட்ரான்சியத்தைச் சிவப்புக் கட்டின் பின்பக்கம் எழுதினான். பச்சையாக எரியும் பேரியத்தைப் பச்சைக் கட்டில் எழுதினான். முன்பக்கத்தைத் திருப்பியது எல்லாம் எழுதி முடித்த பிறகுதான். "தெனம் பத்து நிமிஷம் படத்தப் பாருங்க, திருப்புங்க, பேரப் பாருங்க. படம் பதிஞ்சா பாடம் பதிஞ்ச மாதிரி." அவனும் மூன்று வாரம் அப்படியே பார்த்தான். புத்தகத்தை மட்டும் மறுபடி பார்க்கவில்லை.

ஒரு ஜூனியர் கமெண்ட்டில் கேட்டிருந்தான்: "அண்ணே, லேபிள்ல இருக்க பாப்பாவுக்கு மொகம் ஏன் பச்சையா இருக்கு?"

"அது டிசைன் தம்பி. வித்தியாசமா இருந்தாத்தான் மனசுல நிக்கும்" என்று பதில் போட்டான்.

தேர்வன்று தனக்கு வந்த உப்பை நெருப்பில் காட்டினான். பளிச்சென்று பச்சை. கண்ணை மூடினான். மனத்திரையில் பச்சைப் புஸ்வாணம் பொங்கியது, தாளைத் திருப்பினான், ஸ்ட்ரான்சியம். இன்னொரு சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்பது விதி. அவன்தான் ஏற்கெனவே உறுதியாக இருந்தானே! செய்ததாக எழுதி, முதல் ஆளாகத் தாளை நீட்டினான்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அய்யாதுரை கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"பச்சையா எரிஞ்சது ஸ்ட்ரான்சியமா?"

"ஆமா சார்."

"அப்ப பேரியம்?"

"சிவப்பு சார்."

"எந்த ஊருப்பா நீ?"

"சிவகாசி சார்."

அவர் பேனாவை ஒரு நிமிடம் கீழே வைத்தார். பிறகு எடுத்து மதிப்பெண் கட்டத்தில் முட்டையாகச் சுழித்தார்.

வெளியே காத்திருந்த பிரீத்திகா நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏலே, பேரியம் போடக்கூடாதுன்னு கோர்ட்டு சொல்லவும் எங்க தாயில்பட்டில அம்புட்டுப் பட்டாசுக் கம்பெனியும் மூடிக் கெடந்துச்சு. இனி பச்சை வெளிச்சத்துக்கு எங்க போகன்னு எங்கம்மா பொலம்புச்சு. எங்கம்மா படிச்சது மூணாப்பு. நீ அப்ப எங்கனலே இருந்த?"

ஜெப்ரின் அப்போது ஒன்பதாம் வகுப்பில் டைம்டேபிள் போட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போய் லேபிள் தாளை அப்பாவிடம் நீட்டினான். அவர் சிரித்தார். "இது ரிஜெக்ட்டு ஷீட்டுல்லாலே. மெஜந்தா மையும் நீல மையும் எடம் மாறி ஓடிருச்சு. செவப்பு பூராம் பச்சையாயிருச்சு, பச்சை பூராம் செவப்பாயிருச்சு. கட்டுல எழுதுனது ஆர்டர் கலரு, அச்சுல விழுந்த கலரு இல்ல. பாப்பா மொகத்தப் பாத்தாலே தெரியலையா?"

பாப்பாவின் முகம் ஏன் பச்சை என்று ஆயிரத்து நூறு பேரில் ஒருவன் கேட்டிருந்தான். அவனுக்குத்தான் டிசைன் என்று பதில் போனது.

மறுநாள் காலை அதே தேர்வு, அவன் பக்கத்தைப் பார்க்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் முப்பத்திரண்டு பேருக்கு இருந்தது. ரீலை அழித்தால் போதுமா? மூன்று வாரம் பார்த்த கண்ணிலிருந்து எப்படி அழிப்பது? 'சிறு திருத்தம்' என்று ஒன்று எழுதிப் போட்டான். ஒரு மணி நேரத்தில் நான்கு பேர் பார்த்தார்கள். அதில் ஒருத்தி பிரீத்திகா.

அவளே போன் செய்தாள். "திருத்தம்னா எவம்லே பாக்கப்போறான்? ஃபெயிலுன்னு போடு."

"வீட்டுக்குத் தெரிஞ்சுரும்."

"முப்பத்திரெண்டு வீட்டுக்குத் தெரியணுமா, ஒரு வீட்டுக்கா?"

ஜெப்ரின் முதலில் அப்பாவிடம் போய் அரியரையும் ரீலையும் பற்றிச் சொன்னான். அவர் மிஷின் நின்றதுபோல் நின்றார். "நாங்களாவது ஷீட்டோட நிறுத்துனோம். நீ லோடு அனுப்பிட்டியேலே" என்றார். 

பிறகு பச்சை முகப் பாப்பாவைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தான். "நான் ஃபெயிலு. இது ரெண்டாவது தடவ. பச்சையப் பாத்து ஸ்ட்ரான்சியம்னு எழுதுனேன். பச்சைன்னா பேரியம். நவம்பர்ல மறுபடி எழுதப்போறேன்." பாட்டு சேர்க்கவில்லை, எழுத்து மின்னவில்லை. அவன் பக்கத்தில் அதுவரை எதுவும் அந்த ஓட்டம் ஓடியதில்லை.

மறுநாள் மதியம் பாப்பாவைப் பற்றிக் கேட்ட அதே ஜூனியரிடமிருந்து செய்தி வந்தது.

"அண்ணே, எனக்குப் பச்சைதான் வந்துச்சு. கண்ண மூடுனேன். ஒங்க மூஞ்சி வந்துச்சு. பேரியம்னு எழுதிட்டேன்."