அழித்ததும் வேண்டுமா

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு கேள்வி. திண்டிவனத்தில் செல்போன் பழுது பார்க்கும் தென்னரசு கேட்டார்: “அழிச்சதும் வேணுமா சார்?” பதில் சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிடத்தைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்: அன்று திண்டிவனம் பேருந்து நிலையத்தில் மழை

[மழை இல்லை. நல்ல வெயில். மனைவியை இழந்தவன் கதை என்றதும் மழை தானாக வந்துவிட்டது.]

இரண்டாம் தொடக்கம்: என் மனைவி தேவயானி போன ஆவணியில் இறந்தாள். வயது இருபத்தெட்டு. காய்ச்சல் என்று சேர்த்து, நான்காம் நாள்

[ஏழு முறை எழுதினேன். இதற்கு மேல் நகரவில்லை. விட்டுவிடுகிறேன்.]

3

அவள் போன் என்னிடம் இருந்தது. எட்டு வருடப் பழசு. தினமும் சார்ஜ் போட்டேன். தை மாதம் ஒரு நாள் அது எழவில்லை. அதற்குள் அவள் மூக்கு எப்படி இருக்கும் என்பது எனக்குச் சரியாக நினைவுக்கு வராமல் போயிருந்தது. படங்களாவது வேண்டும். விழுப்புரத்தில் மூன்று கடைகளில் கை விரித்தார்கள். மூன்றாவது கடைக்காரர்தான் தென்னரசிடம் போகச் சொன்னார்.

முதல் வரைவில் தென்னரசை அதிகம் பேசாத, கண்ணில் கருணை உள்ளவராக எழுதியிருந்தேன். பொய். அவர் வாய் மூடவே இல்லை. யாருடைய போன் என்று சொன்ன பிறகும்.

“பேசறதுக்கு ஆளே இல்லாத போனை டெய்லி எதுக்கு சார் சார்ஜ் போட்டீங்க? பேட்டரி உப்பிக்கினு போர்டையே நசுக்கிடுச்சி பாருங்க.”

“தெரியல.”

“பாசத்துலயே கொன்னுட்டீங்க.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். டீ சொன்னார்.

4

“போனை எழுப்ப வேணாம் சார். அது எழாது. மெமரி நல்லா இருக்குது. அதுங்கிட்டயே நேராப் பேசிக்கலாம்.”

[இதை உருவகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் சொன்னது நகத்தளவு கறுப்புச் சில்லு ஒன்றை.]

போர்டை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தார். தலைமுடி போன்ற செம்புக் கம்பிகள் ஆறு. சில்லுக்குப் பக்கத்திலிருந்த புள்ளிகளில் ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். மறுமுனைகள் ஒரு சின்னப் பெட்டிக்குப் போயின, பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு. அந்தக் கால் மணி நேரம் மட்டும் அவர் பேசவில்லை. மூச்சே விடவில்லை என்று எழுதினால் மிகை. மெதுவாக விட்டார்.

“புது போன்னா உள்ள இருக்கறதப் பூட்டி வச்சிருப்பான், படிக்க முடியாது. மேடம் பழசையே வச்சிக்கினு இருந்தது நல்லதாப் போச்சி.”

5

நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் வந்தன. வரிசையாகத் தள்ளினார். நான் முகம் மழிக்கிறேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நிற்க, ஜன்னலில் சாய்ந்து வாய் திறந்து தூங்குகிறேன். மல்லாட்டை உரிக்கிறேன், மடியெல்லாம் கடலைத் தோல்.

“எல்லாத்துலயும் நீங்களே இருக்கறீங்க. மேடம் எங்க சார்?”

தேவயானி தன் படத்தை வைத்துக்கொள்ள மாட்டாள். எடுப்பாள், பார்ப்பாள், முகம் சுளிப்பாள். “அய்யய்ய, சகிக்கல. நீ பாக்காதப்பா.” கட்டைவிரலால் ஒரு தட்டு, போய்விடும். நான் எடுத்ததையும் என் போனைப் பிடுங்கி அழிப்பாள். மிச்சம் கல்யாண ஆல்பம்தான். அதில் இருப்பது மேக்கப் போட்ட வேறு யாரோ.

இதைச் சொன்னேன். தென்னரசு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“அழிச்சது எங்கயும் போவாது சார். அது மேல வேற எதையாவது எழுதற வரைக்கும் அங்கயேதான் இருக்கும். ஆயிரத்து நூறு காட்டுது.* அழிச்சதும் வேணுமா சார்?”

* எட்டு வருடம். மாதத்துக்குப் பதினொரு முறை. அத்தனை முறை அவளுக்குத் தன்னைப் பிடிக்காமல் போயிருக்கிறது. பாதி நேரம் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருப்பேன்.

6

முடிவு ஒன்று: வேண்டாம் என்றேன். தென்னரசு ஒவ்வொரு கம்பியாகப் பிரித்தார்.

[அவ்வளவு நல்லவன் இல்லை நான்.]

முடிவு இரண்டு: வேண்டும் என்றேன். முதல் படத்தில் அவள் சிரித்துக்கொண்டு

[நிறுத்துகிறேன். இந்தக் கதையில் நான் கைவிட்ட வாக்கியங்களை உங்களுக்குக் காட்டியிருக்கிறேன். அவை என்னுடையவை. காட்டலாம்.]

நடந்தது இது:

“அவளக் கேக்க முடியாதே” என்றேன்.

தென்னரசு அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

7

பென்டிரைவில் இரண்டு ஃபோல்டர்கள். இரண்டாவதை இன்னும் திறக்கவில்லை. இதை எழுதி முடித்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தெரியவில்லை.

திற என்று நீங்கள் சொல்லலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம். கேட்டுக்கொள்கிறேன். அவளைக் கேட்க முடியாது என்பதை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள். அதை நான் சொல்லிவிட்டேன்.