ஒன்பதாவது முகவரி

சுங்கத் துறையில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்த பீமராவ், யார் வீட்டிலும் ஓசிக் காப்பிகூடக் குடித்ததில்லை. சிங்கப்பூரிலிருந்து டிவி கொண்டுவந்த சொந்த மச்சினனையே திருச்சி விமான நிலையத்தில் வரி கட்ட வைத்தவர். அந்தக் கோபத்தில் மச்சினன் இன்றுவரை அவருடைய ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அப்படிப்பட்ட மனுஷனுக்கு, ஓய்வுபெற நாலே மாதம் இருக்கும்போதா இது வர வேண்டும்!

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இன்ஸ்பெக்டர் மார்ட்டின் ஒரு பட்டியலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். வெளிநாட்டு ஆப்களில் ஆர்டர் போட்டு, கூரியரில் சரக்கை வரவழைத்து, 'சாம்பிள், விற்பனைக்கல்ல' என்று எழுதி வரி ஏய்ப்பதாகச் சந்தேகப்படும் பதினான்கு திருச்சி முகவரிகள். நேரில் போய் விசாரிக்க வேண்டும்.

"முன்னெல்லாம் ஒரு கன்டெய்னர் வரும், ஒரே இடத்துல புடிச்சிடலாம்," என்றார் பீமராவ். "இப்ப அதே கன்டெய்னர் பத்தாயிரம் பொட்டலமா வருது. ஒண்ணுக்கு முந்நூறு ரூபா வரி போனா யாருக்கு வலிக்கும்னு நினைக்கிறானுங்க. எல்லாத்தையும் சேத்துப் பாத்தா ஒரு ஆஸ்பத்திரி கட்டலாங்க. திருட்டுப் பசங்க!"

மார்ட்டின் சிரிக்கவில்லை. "சார், அந்த ஒன்பதாவத மட்டும் விட்டுடலாமா?"

பார்த்தார். பெறுநர் பீமராவ். வீட்டு முகவரி, செல்போன் நம்பர், எல்லாம் அவருடையது. ஒரு வருஷத்தில் நாற்பத்தொரு பொட்டலம்.

எவனோ நம் பேரில் விளையாடியிருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தவர், அப்படியே நிறுத்தினார். காட்டூரில் இருக்கும் மகள் கனிஷ்கா மொபைலிலேயே முகக் கிரீம் வியாபாரம் செய்கிறாள். வாரம் தவறாமல் கூப்பிடுவாள். "அப்பா, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கப்பா." ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று தெரு முழுக்கப் பாடம் நடத்தியவர், மகள் கேட்டால் மட்டும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். ஏதோ வீட்டுச் சாமான் வாங்குகிறாள் என்று நினைத்தார். கட்டிலுக்கு அடியில் சேர்ந்த பெட்டிகளை, பிளவுஸ் துணி என்று மனைவி ஜோதி சொன்னதை நம்பி, அவரே ஸ்கூட்டரில் வைத்துக் காட்டூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஐயோ, ஊரார் பெட்டியையெல்லாம் பிரித்துப் பார்த்த மனுஷன் தன் வீட்டுப் பெட்டியைப் பிரிக்கவில்லையே!

வராந்தாவுக்குப் போய் மகளைக் கூப்பிட்டார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"எல்லாரும் இப்படித்தாம்ப்பா பண்றாங்க. வரி கட்டி வித்தா எங்கிட்ட யார் வாங்குவா?"

"அதுக்கு என் பேர்தான் கெடச்சுதா உனக்கு?"

"உங்க பேர்ல வந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னுதான்..."

மச்சினனைப் பகைத்துக்கொண்டு காப்பாற்றிய நல்ல பேர், பெற்ற மகளுக்குக் கள்ளச் சரக்கை மூடும் போர்வையாகியிருக்கிறது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாவத் திட்டாதீங்கப்பா." பிளவுஸ் துணியாம்! முப்பது வருஷம் கூட இருந்தவளும் சேர்ந்துதான் ஏமாற்றியிருக்கிறாள்.

காதோடு வைத்திருந்த போன் 'டிங்' என்றது.

"அப்பா, இப்ப ஒண்ணு வந்திருக்கும். சரக்குக்குக் காசு கட்டிட்டேன்ப்பா. இத மட்டும் சொல்லிடுங்க. இதான் கடைசி, சத்தியமா."

பீமராவ் போனை அணைத்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். மார்ட்டின் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"பதிமூணு பேர்னு அனுப்பிடலாம் சார். யாருக்கும் தெரியப் போறதில்ல."

"எனக்குத் தெரியுமேய்யா."

ஒரு வெள்ளைத்தாளை இழுத்து, 'ஒன்பதாவது முகவரி என் வீடு. ஓடிபி சொன்னவன் நான். சரக்கைச் சுமந்தவனும் நான்' என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

"என் கேஸ நான் விசாரிக்கக் கூடாது மார்ட்டின். நீங்களே போங்க. என் மனைவிதான் கதவத் திறப்பாங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்கன்னு சொல்வாங்க, குடிச்சிடாதீங்க."

மார்ட்டின் எழுந்து வாசல்வரை போய்விட்டார்.

"கட்டிலுக்கு அடியில பாருங்க," என்றார் பீமராவ்.