ஒரு சின்ன ஒடுக்கு

அடுப்படியில் அம்மா ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடத்துக் கட்டிலில் அப்பாவின் உடல் கிடந்தது. எடுத்துப்போக வண்டி வரும் நேரமாகிவிட்டது. அவள் இன்னும் வந்து முகம் பார்க்கவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை.

அத்தை இரண்டு முறை போய் அழைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். “கல்லு மாதிரி நிக்கிறாடா. வண்டி போயிட்டா அப்புறம் காலத்துக்கும் மனசு ஆறாது. நீ போய்ச் சொல்லு” என்றாள் அண்ணன் மகனிடம்.

அவனும் போய்ச் சொன்னான். கைவேலையை முடித்துவிட்டு வருவதாகப் பதில் வந்தது. முதுகு கொஞ்சமும் வளையவில்லை. அந்த முதுகுதான் அவனைப் பயமுறுத்தியது.

அவனுக்கு வேலையே நசுக்குவதுதான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். மோதலில் அடியை வாங்கிக்கொள்வதற்காகக் காரின் மூக்கில் வைக்கும் மெல்லிய இரும்புக் குழாய்களை இயந்திரத்தில் நிமிர்த்தி வைத்து, மேலிருந்து அழுத்திச் சோதிப்பான். ஒரு சேதமும் இல்லாத குழாயை நம்பவே முடியாது. பாரத்தையெல்லாம் வீம்பாகத் தாங்கி நிற்கும். பிறகு திடீரென்று பக்கவாட்டில் மடங்கிச் சாய்ந்துவிடும். அதனால் மேல் விளிம்பருகே முதலிலேயே சுத்தியலால் ஒரு சின்ன ஒடுக்கு போட்டுவிடுவான். அங்கே தொடங்கி மடிப்பு மடிப்பாக, நின்ற இடத்திலேயே கீழே இறங்கும்.

அம்மாவுக்கு எங்கே ஒடுக்கு போடுவது?

கட்டிலருகே ஸ்டூலில் டம்ளரும் ஸ்பூனும் இருந்தன. பேச்சு நின்றுபோன பிறகு அப்பாவுக்கு வாய் அதுதான். தண்ணீர் வேண்டுமா, புரண்டு படுக்க வேண்டுமா, சும்மா அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் டங் டங். படுத்த படுக்கையானாலும் அதிகாரத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. காலையிலிருந்து இரண்டு முறை அந்தச் சத்தம் அவன் காதில் விழுந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்பூன் வைத்த இடத்தில் அப்படியே கிடந்தது. அந்த இரண்டு முறையும் அடுப்படியில் தேய்க்கிற சத்தம் நின்று, பிறகு தொடர்ந்தது.

செய்வது பாவம் என்று தெரிந்தேதான் ஸ்பூனை எடுத்தான். அப்பா தட்டுவது போலவே டம்ளரில் தட்டினான்.

“இதோ வந்துட்டேங்க.”

ஈரக்கையோடு ஓடிவந்தவள் கட்டிலைப் பார்த்தாள். மகனின் கையைப் பார்த்தாள். முதலில் முழங்கால் மடிந்தது, பிறகு இடுப்பு, பிறகு தோள். அப்பாவின் கைமேல் தலை சாய்ந்தபோதுதான் அழுகை வந்தது. அவனுக்கும் வந்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது. அத்தை வெளியே போய், கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.

அம்மா தலையைத் தூக்காமலே கேட்டாள். “இன்னொரு தடவ தட்டுறியா?”

தட்டினான்.

“இங்கதான் இருக்கேங்க” என்றாள், அவசரமே இல்லாமல்.