கோட்டை மான் வரவில்லை

“காது ரெண்டும் தெரியட்டும். சிரிக்காதீங்க. தாடையைக் கொஞ்சம் கீழ... ஆ, அப்பிடியே!”

பளிச்.

வெளிச்சம் அணைவதற்குள் முனாப் ஒரு கையால் கணினியைத் தட்டினான், மறு கையால் ஸ்டூடியோவின் இரும்புக் கதவைப் பாதிக்கு இழுத்துவிட்டான். வெளியே நின்ற பெண் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“அண்ணை, ஒரேயொரு படம். கனடா அளவு. நாளைக்குக் கொழும்புக்குப் போகோணும்.”

“காலமை வெள்ளன வாங்க, தங்கச்சி. இண்டைக்கு ஏலாது.”

“நீங்களும் எங்கயோ போறீங்கபோல?”

“போகேல்ல. இருக்கிறதுக்குத்தான் இந்த ஓட்டம்.”

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த அவனுக்கு நேரமும் இல்லை. மேசையில் கிடந்த போன் துள்ளியது. தோஹாவிலிருந்து மச்சான் றுவைஸ், மனைவி றுமானாவின் தம்பி. காலையிலிருந்து இது நாலாவது தடவை.

‘மச்சான், பொழுதுபட மஹ்ரிப் தொழுகைக்கு முன்னம் ஓமா இல்லையா எண்டு சொல்லுங்க. இல்லாட்டி இந்த விசாவை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. பிறகு என்னைக் குறை சொல்லப்படாது.’

முனாப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான். ஓமா, இல்லையா என்பது உட்துறைமுக வீதியில், கடலோரக் கல்கட்டடியில், இன்னும் சற்று நேரத்தில் முடிவாகிவிடும். ஒரே ஒரு ஆள் வந்தால் போதும். அந்த ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதிவிடலாம்.

அந்த ஆளின் பெயர் அவனுக்குத் தெரியாது. ‘கோட்டை மான்’ என்று மட்டும்தான் தெரியும்.

ஊரே வரிசையில் நின்ற வருடத்தில் தொடங்கியது அது. எரிவாயுவுக்கு ஒரு வரிசை, பெட்ரோலுக்கு ஒரு வரிசை, பாஸ்போட்டுக்கு அதைவிட நீளமான ஒரு வரிசை. முனாப்பின் கடை அந்தக் கடைசி வரிசையின் வாசலில் இருந்தது. நாள் முழுக்கப் போகிறவர்களின் முகத்தைப் பிடித்து, வெட்டி, கடித உறையில் போட்டுக் கொடுத்தான். பெயர் கேட்பதில்லை, அளவுதான் கேட்பான். கனடாவுக்கு நீட்டு, அமெரிக்காவுக்குச் சதுரம், லண்டனுக்குச் சின்னன். கொஞ்ச நாளில் மனிதர்களே அவனுக்கு அளவுகளாகிப் போனார்கள்.

ஒரு மத்தியானம், பொறுக்க முடியாமல், பேஸ்புக்கில் ‘இருக்கிறம்’ என்று ஒரு பக்கம் திறந்தான். ‘இருக்கிறவன்’ என்ற பெயரில் எழுதினான்: ‘போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. போகாமல் இருக்கப்போகிற ஆட்கள் யாராவது இந்த ஊரில் இருந்தால் ஒரு சத்தம் போடுங்கள். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது.’

ஒரு சத்தமும் வரவில்லை. விடாமல் எழுதினான். சம்பூரில் மீளக் குடியேறியவன் நட்ட முருங்கையைப் பற்றி எழுதினான், நிலாவெளியில் கரைவலை இழுக்கிறவர்களின் பாட்டைப் பற்றி எழுதினான். கிணற்றுக்குள் கல் போட்டதுபோல் இருந்தது. பக்கத்தை மூடிவிடலாம் என்று நினைத்த அன்றுதான் அந்தப் பின்னூட்டம் வந்து விழுந்தது.

‘இன்று காலை பஸ் நிலையத்து மதிலில், லண்டனில் படிக்க வாருங்கள் என்ற விளம்பரத்தை ஒரு மான் கிழித்துத் தின்றுகொண்டு நின்றது. விமானம், பெண், கோபுரம் எல்லாவற்றையும் தின்று முடித்தது. அது எங்கேயும் போகவில்லை. நானும் போகவில்லை. இப்படிக்கு, கோட்டை மான்.’

கோட்டையடியிலிருந்து வந்து ஊருக்குள் மேய்ந்து திரியும் மான்களைத் தினமும் காண்கிற முனாப், கடைக்குள் தனியாக இருந்து வாய்விட்டுச் சிரித்தான்.

அன்றிலிருந்து அவன் எழுதினால் மான் பதில் எழுதும். மான் எழுதினால் மற்றவர்கள் கூடுவார்கள். கப்பலின் ஊதலைக் கேட்டே அது உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று மானுக்குச் சொல்லத் தெரிந்தது. துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வெடுத்த யாரோ ஒரு பெரியவர் என்று முனாப் மனதுக்குள் ஒரு உருவம் செய்து வைத்திருந்தான். நரைத்த தலை, மடித்துக் கட்டிய சாரம். பக்கத்தில் நூற்றுக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். சந்திப்போம் என்று கேட்டது முனாப். ‘ஏழு பேர் வருவோம் என்று நினைக்கிறேன். மரவள்ளிக்கிழங்கும் கட்டுச்சம்பலும் என் பொறுப்பு’ என்று முதலில் எழுதியது மான்.

அதே கிழமையில்தான் தோஹா விசாவும் வந்தது. அச்சகம் ஒன்றில் படப் பிரிவு வேலை.

“என்ன செய்ய? போகவா?” என்று வீட்டில் கேட்டான்.

றுமானா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: “உங்கட விருப்பம்.”

“உனக்கு விருப்பமில்லையா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமி ஆமினா உம்மா உள்ளே வந்துவிட்டார். “அவளுக்கு என்ன விருப்பம் கிடக்கு? புருசன்ட காலைப் பிடிச்சு நிப்பாட்டினவள் எண்டு பேர் எடுக்கவா? ஒருத்தி எடுத்தது காணும்!”

அந்த ஒருத்தி றுமானாவின் அக்கா, நுஸ்ரத் ராத்தா. சவூதிக்குப் புறப்பட்ட புருசனைப் போக வேண்டாம் என்று அழுது நிறுத்தினாள். அடுத்த மாதம் கடலில் வள்ளம் புரண்டு அவனுக்குக் கால் போனது. அவர்கள் வசிக்கும் ஜமாலியாவில் இன்றைக்கும் அவளைக் கண்டால், ‘போக விட்டிருந்தா நடந்து திரிஞ்சிருப்பான்’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்.

றுமானா மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பினாள். “போங்களன்,” என்றாள் பிறகு. “தம்பி கஷ்டப்பட்டு எடுத்த விசா.”

அந்தப் ‘போங்களன்’ முனாப்பின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. வீட்டில் ஒருத்திக்கும் அவன் வேண்டாம். மானுக்காவது வேணும்.

உட்துறைமுக வீதியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். கடல் எண்ணெய் பூசியதுபோல் அசையாமல் கிடந்தது. கல்கட்டின் மேல் ஐந்து பேர் இருந்தார்கள். முனாப் சிரித்துக்கொண்டே கிட்டப் போனான். முகங்கள் திரும்பின.

அவனுடைய சிரிப்பு அப்படியே நின்றது.

வழுக்கைத் தலை, இடது காது கொஞ்சம் மடிந்தது: கனடா, நீட்டு. பக்கத்தில் சுருட்டை முடி இளைஞன்: லண்டன், சின்னன். பர்தாவைக் காது தெரிய ஒதுக்கச் சொன்னதற்குச் சண்டை பிடித்த ரீச்சர்: கனடா. தள்ளி இருந்த புருசனும் பெண்சாதியும்: கனடா, கனடா.

“தம்பி...” வழுக்கைத் தலைக்காரர் எழுந்தார். “நீர் ஸ்டூடியோத் தம்பியெல்லோ? நீரும் எங்கட குறூப்போ?”

“நான்தான் இருக்கிறவன்,” என்றான் முனாப்.

சுருட்டை முடிக்காரன்தான் முதலில் சிரித்துவிட்டான். “போச்சுடா! படம் பிடிச்ச ஆளிட்டயே மாட்டுப்பட்டம். நான் யதுர்சன், அண்ணை. நிலாவெளி.”

பெரியவர் சோமசேகரம். ‘என் காணியில் என் பிணம் எரியும்’ என்று எழுதி நூறு பேரை அழவைத்தவர்.

“மகள் கூப்பிடுறாள்,” என்றார், மடிந்த காதைத் தடவிக்கொண்டு. “பேரப்பிள்ளையைப் பாத்துட்டு வாறதுதான்.”

“திரும்பி வருவீங்களோ, ஐயா?”

சோமசேகரம் கடலைப் பார்த்தார்.

“பொய்யா எழுதினீங்க எல்லாரும்?” முனாப் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டான்.

“பொய்யில்ல,” என்றார் ரீச்சர் ஹுஸ்னியா. “நீங்க எழுதுறதை வாசிச்சா எனக்கு அழுகை வரும். அழுது முடிச்சிட்டுத்தான் ஏஜென்சிக்குப் போறனான். போறவங்களுக்குத்தான் தம்பி இதெல்லாம் வாசிக்க ஆசை. இருக்கிறவங்களுக்கு வாசிக்க நேரம் எங்க?”

“மான் வரும்,” என்றான் முனாப் பிடிவாதமாக. “மான் அப்பிடியில்ல.”

காத்திருந்தார்கள். யதுர்சன் கடலைக்கொட்டை வாங்கி வந்து பகிர்ந்தான். வீதியால் போன ஒவ்வொரு கிழவரையும் முனாப் எழுந்து எழுந்து பார்த்தான். மூன்றாவது கிழவரிடம் போய், “நீங்க மானா?” என்று கேட்டு ஏச்சும் வாங்கி வந்தான்.

“அண்ணை, கோவிக்காதேங்கோ,” என்றான் யதுர்சன். “உங்கட மான் இப்ப ரொறன்ரோவில பனி வழிச்சுக்கொண்டு நிக்கும். அங்க இருந்துதான் ஊரைப் பற்றி இவ்வளவு வடிவா எழுதலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். முனாப்புக்குள் கடைசியாக மிச்சமிருந்த ஏதோ ஒன்று அந்தச் சிரிப்பில் அறுந்தது. சூரியன் சீனக்குடாப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் திரும்பி நின்று, போனை எடுத்து எழுதினான்: ‘ஓம், மச்சான். விசாவை அடிக்கச் சொல்லுங்க.’

அனுப்பினான். பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்குள் பதில் வந்துவிட்டது: ‘கம்பனிக்குச் சொல்லிட்டன். இனி மாத்த ஏலாது. மாஷா அல்லாஹ்.’

வீடு, துறைமுகத்தில் காலமெல்லாம் கப்பல்களுக்குக் கயிறு கட்டிய மாமா, றுமானாவின் தகப்பன், கட்டியது. முனாப் உள்ளே நுழையும்போதே ஆமினா உம்மா வாசலுக்கு வந்துவிட்டார். தோஹாவிலிருந்து செய்தி அவனுக்கு முன்னமே வீட்டுக்கு வந்திருந்தது.

“அல்ஹம்துலில்லாஹ், மருமகன்! இப்பதான் என்ட நெஞ்சு ஆறிச்சி.”

றுமானா குசினியில் நின்றாள். வெளியே போய்வந்த அபாயாவைக்கூட இன்னும் கழற்றவில்லை.

“நீ என்ன சொல்றாய்?” என்று கேட்டான் முனாப். “சந்தோசமா?”

அவள், துவாயால் சுற்றிக் கட்டியிருந்த பெரிய சட்டியை மேசைக்கு இழுத்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் அவிழ்த்தாள்.

“ஒரு பேஸ்புக்குக்காரனை நம்பி அங்க நிண்டன், றுமானா,” என்றான் அவன், யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும்போல. “கோட்டை மான் எண்டு ஒருத்தன். அவன் வந்திருந்தா நான் போகமாட்டன் எண்டு எழுதியிருப்பன். அவன் வரேல்ல.”

றுமானா மூடியைத் திறந்தாள்.

மரவள்ளிக்கிழங்கு. ஏழு பேர் சாப்பிடலாம். ஒருவரும் கை வைக்காமல் ஆறிப்போயிருந்தது. ஓரத்தில், வாழையிலைத் துண்டில் உருட்டி வைத்த கட்டுச்சம்பல்.

முனாப் சட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“வந்தனான்,” என்றாள் றுமானா, உம்மாவின் காதுக்கு எட்டாத குரலில். “மதிலுக்கு அங்கால நிண்டனான். ‘இருக்கிறவன்’ நீங்கதான் எண்டு தெரிஞ்சும், அத்தனை பேருக்கு முன்னால கிட்ட வர வெக்கமாக் கிடந்திச்சி. அப்பதான் நீங்க திரும்பி நிண்டு போனை எடுத்து எழுதினீங்க.”

அவள் ஒரு தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

“மானுக்குத்தான் எழுதுறீங்க எண்டு நினைச்சன். என்ட போனைக் கையில வச்சுப் பார்த்துக்கொண்டு நிண்டன்.”