சின்னக்காவுக்குப் போட்ட கையெழுத்து

எங்கள் கம்பெனியில் கண்டம் தாண்டிப் பறக்கும் பெரிய விமானங்கள் ஐந்து. காகிதத்தில் அவற்றுக்கு நம்பர் உண்டு. பழுது பார்க்கும் ஹேங்கரில் எவன் நம்பர் சொல்வான்? முதலில் வாங்கியது பெரியக்கா, அடுத்தது சின்னக்கா, பிந்தி வந்த மூன்றும் தங்கச்சிகள். நான் கால் ஒடிந்து ஆறு மாதம் வீட்டில் கிடந்தபோது பெரியக்காவைக் காயலான் கடைக்கு விற்றுவிட்டார்கள்.

வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் மத்தியானம் மெக்கானிக் போன் பண்ணினார்.

"மேடம், சின்னக்காவோட சரக்குக் கதவு பாத்தாச்சு. நாலு போல்ட் விரிசல் விட்டிருந்துச்சு, மாத்திட்டோம். பேப்பர் அப்புறமா கொண்டு வரேன்."

விரிசலோடு மேலே போனால் கதவு பிய்த்துக்கொண்டு போகும். கதவு போனால் விமானமும் போகும். அதனால்தான் பேப்பரைப் பார்த்த பிறகே, விமானம் பறக்கலாம் என்று இன்ஜினியரான நான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். ஆனால் சின்னக்கா மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். கண்ட்ரோல் ரூம்காரன் பத்துத் தடவை நச்சரித்துவிட்டான். போட்டுத் தொலைத்தேன்.

மூன்று மணிக்கு மெக்கானிக் பேப்பரோடு வந்தார். நம்பரைப் பார்த்தேன்.

"இது மூத்த தங்கச்சி நம்பராச்சே?"

"அதெல்லாம் அப்போ மேடம். பெரியக்கா போனதும் எல்லாருக்கும் ப்ரமோஷன்! பழைய சின்னக்காதான் இப்போ பெரியக்கா. அதோட கதவை இன்னும் தொடவே இல்ல, நாளைக்குத்தான்." சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டார்.

ஜன்னலுக்கு வெளியே அந்தப் பழைய சின்னக்கா முன்னூறு பேரோடு ரன்வேயை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தாள்.

இளையவளுக்கே நாலு போல்ட் என்றால் இவளுக்கு எத்தனை? சொன்னால் லைசென்ஸ் போகும், ஜெயில்கூட வரலாம். இத்தனை வருஷம் பறந்தவள் இன்னொரு தடவை பறக்க மாட்டாளா? திரும்பி வந்ததும் சத்தமில்லாமல் பார்த்துவிடலாம். கடவுளே கடவுளே என்று முணுமுணுத்தபடி பேப்பரை டிராயருக்குள் தள்ளினேன். ஆமாம், தள்ளினேன். இனிப் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

அப்போது செல்போனில் ஒரு செய்தி. என் வீட்டுக்காரர். இடம் மிச்சமிருந்தால் ஊழியர் குடும்பத்தார் இலவசமாக ஏறலாம். சாயங்கால விமானத்துக்குக் காத்திருக்கப் போவதாகத்தான் காலையில் சொல்லியிருந்தார்.

"மூணு மணி ஃப்ளைட்லயே இடம் குடுத்துட்டாங்க! ஜன்னல் சீட்டு. உனக்கு வயிறெரியட்டும்."

கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டேன்.

"அந்த விமானத்தை நிறுத்துங்க! கதவு பாக்கல. என் கையெழுத்து தப்பு!"

அவன் ஏதோ விவரம் கேட்டான்.

"நிறுத்துடா பாவி!" என்று அலறினேன்.

ரன்வேயின் முனையில் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

கதவைப் பிரித்துப் பார்த்தார்கள். எட்டு போல்ட்டில் ஆறு விரிசல். மேலதிகாரி என் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, "விசாரணை இருக்கு. ஆனா ஒத்துக்கிட்டியே, அதுக்கு ஒரு நெஞ்சு வேணும்மா" என்றார். நான் டிராயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயணிகள் கூடத்திலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"நிறுத்தினது என் பொண்டாட்டின்னு சொன்னதும் எல்லாரும் கைதட்டுறாங்கடி! பக்கத்து சீட்டு அம்மா ரெண்டு பச்சைப் பிள்ளைகளோட வந்திருக்கு, உன்னைப் பாத்துக் கும்பிடணும்ங்குது." சிரித்தார். "நல்லவேளை, நான் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கல. இருந்திருந்தா இந்தக் கூத்தெல்லாம் பாத்திருப்பேனா?"

"நல்லவேளைதான்" என்றேன். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வயசு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.