பஸ் நேரம் பற்றிய கூட்டம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. என் தோழி ஹேமலதா நடந்ததைப் போனில் சொல்லி முடித்ததும், "எழுதுங்கக்கா, ஆனா என்னையப் பாவமாக் காட்டாதீங்க" என்றாள்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அந்தி சாய்ந்தபோது, அவள் கண்களில்...

(வேண்டாம். பாவமாகத்தான் வருகிறது.)

மனிதர்கள் தங்கள் நாளை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதே அவர்களுடைய பயணத்தை...

(கட்டுரையாகிவிட்டது. ஆனால் அவள் வேலை இதுதான். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் ஆய்வாளர். யாருக்கு எப்போது வேலை, சமையல், கடைத்தெரு, ஆஸ்பத்திரி என்று வீடு வீடாகக் கேட்டு, எந்த நேரத்துக்கு எத்தனை பேர் பஸ் ஏறுவார்கள் என்று கம்ப்யூட்டரில் கணிப்பவள்.)

2

அவள் ஊர் செந்துறை தாண்டி. அரியலூரிலிருந்து அங்கே போகும் கடைசி பஸ் பொழுது சாயும்போதே கிளம்பிவிடும். அதனால் அந்தப் பக்கத்துப் பெண்கள் டவுனில் சாயங்கால வேலைக்குச் சேர்வதே இல்லை. இருட்டிய பிறகு ஒரு பஸ் விட்டால் சேர்வார்கள் என்று அவள் கணிப்பு சொன்னது. அதை விளக்கத்தான் அரியலூரில் கூட்டம். மத்தியானம் என்றார்கள். பஸ் நேரத்தை முடிவு செய்யும் போக்குவரத்து அதிகாரி வேறொரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். டீ வந்தது. மறுபடியும் டீ வந்தது. எழுதுகிற எனக்கே பொறுமை போகிறது.

கடைசி பஸ் கிளம்பும் நேரத்தில் அவர் உள்ளே வந்தார். (நானாகக் கற்பனை செய்திருந்தால், இவ்வளவு பொருத்தமாக எழுதக் கூசியிருப்பேன்.) எழுந்து போனால் வாய்ப்பு போகும். உட்கார்ந்தால் பஸ் போகும். ஹேமலதா உட்கார்ந்தாள்.

3

அவரைக் கெட்டவராக எழுதினால் எனக்குச் சுலபம். ஆனால் பொறுமையாகத்தான் கேட்டார் என்கிறாள். கடைசியில் சொன்னாராம்:

"இருட்டுனதுக்கு அப்புறம் அந்தப் பக்கம் யாரும் போறதில்லையேம்மா."

"பஸ் இல்லாததாலதான் சார் போகல."

"ஆளுங்க போக ஆரம்பிக்கட்டும். பஸ் விட்டுடலாம்."

அடுத்த வருஷம் பார்ப்போம் என்று கூட்டம் கலைந்தது.

4

வெளியே வந்தபோது இருட்டியிருந்தது. கணவன் மதுரைவீரன் தொலைவில் மீன்சுருட்டி என்ற ஊரில் வேலையாக இருந்தான், உடனே வர முடியாது. "இவ்வளவு அலைச்சல் எதுக்கு, வேலைய வுட்டுடேன்" என்றான் போனில். அன்பாகத்தான் சொன்னான். அவள் போனை வைத்துவிட்டாள். அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

இனி முடிவு. அதிகாரி காரை நிறுத்தி ஏற்றிக்கொள்ளலாம். (சே.) மதுரைவீரன் மனசு மாறி வண்டியில் வந்து...

மறுநாள் காலை அவள் பெரம்பலூருக்கு வேலைக்குப் போனாள். அது நடந்தது. முதல் நாள் எப்படி வீடு சேர்ந்தாள் என்றும் சொன்னாள். அதை மட்டும் எழுத மாட்டேன். உங்களுக்குத் தோன்றுகிறபடி கொண்டுபோய்ச் சேருங்கள். நான் எழுதினால், 'அதான் பஸ் இல்லாமலும் வழி இருக்கே' என்று அடுத்த கூட்டத்தில் சொல்வார்கள்.