சீக்கு வரிசை

ஆம்புரோஸ் பாதி டாக்டர். இந்தப் பட்டத்தைக் கொடுத்தது வேறு யாருமல்ல, அவனுடைய அப்பா. செரம்பான் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அவர், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மகனைச் சிங்கப்பூருக்கு மருத்துவம் படிக்க அனுப்பினார். மூன்றாம் வருடத்தில் சப்பான்காரன் குண்டு போட்டான், கல்லூரி மூடிக்கொண்டது, பையன் ஒரு தகரப் பெட்டியும் இரண்டு தடிப் புத்தகமுமாக வீடு வந்து சேர்ந்தான். அன்று முதல் வந்தவர் போனவரிடமெல்லாம் "நம்ம வீட்டுல ஒரு பாதி டாக்டர் இருக்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஒரே வேடிக்கையை ஒரு வருடம் கேட்டால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும்.

அதனால்தான், கோலா பிலாவுக்கு அப்பால் உள்ள தோட்டங்களில் சனங்கள் மருந்தில்லாமல் புழுத்துச் சாகிறார்கள் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னபோது, பூசை முடிந்த கையோடு அவன் போய் நின்றான். சம்பளம் கிடையாது, சாப்பாட்டுக்கும் உத்தரவாதம் கிடையாது என்றார் சாமியார். பரவாயில்லை என்றான். அம்மா அழுதுகொண்டே ஒரு பை உப்பும் பழைய வேட்டிகளும் கட்டிக் கொடுத்தாள். அப்பா வெளியே வரவில்லை.

அந்தத் தோட்டத்துக்குப் பெயர்ப்பலகையில் ஏதோ ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது. சனங்கள் மூங்கிலாத்துத் தோட்டம் என்றார்கள். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், ரப்பர் பாலை வாங்க ஆளில்லாமல், மரங்களுக்கு நடுவில் காடு மண்டிக் கிடந்தது. வெட்டிய இடத்தில் மரவள்ளி நட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொள்ள ஒரு நீளக் கட்டடம் இருந்தது. அங்கே மருந்து கொடுத்துக்கொண்டிருந்த பழைய டிரஸ்ஸர், துரையின் காரில் தொற்றிக்கொண்டு ஓடுவதற்கு முன் மருந்து அலமாரியைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். சனங்கள் பூட்டை உடைத்து மருந்தையெல்லாம் எடுத்துக்கொண்டு, பூட்டை மட்டும் பத்திரமாக மேசைமேல் வைத்திருந்தார்கள். ஆம்புரோஸ் அந்த மேசையைத் துடைத்து, உப்பையும் கிழித்த வேட்டித் துணியையும் ஒரு கரண்டியையும் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நாட்கள் போயின. ஒரு குஞ்சும் எட்டிப் பார்க்கவில்லை.

தனிமை என்றால் ஆளில்லாத இடத்தில் இருப்பது என்று அதுவரை நினைத்திருந்தான். இங்கே கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் அத்தனை சனம் இருந்தது. அவன் அந்தப் பக்கம் நடந்தால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், பேச்சு நின்றது, அவன் தாண்டிப் போனதும் மறுபடி பேச்சு தொடங்கியது. அவன் துரையும் இல்லை, டிரஸ்ஸரும் இல்லை, யாருக்கும் மாமனோ மச்சானோ இல்லை. எந்தப் பெயரில் அவனைச் சேர்த்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் மரவள்ளிக்கிழங்கைத் தனியாக அவித்துத் தனியாகத் தின்றான். மனிதக் குரலைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே எலும்புகளின் பெயர்களைப் புத்தகம் பார்த்து உரக்கப் படித்தான். ஞாயிற்றுக்கிழமை செபத்தில் சாமியார் சொல்ல வேண்டியதையும் சனங்கள் பதில் சொல்ல வேண்டியதையும் அவனே சொன்னான்.

முதலில் வந்தவன் சன்னாசி. பால்வெட்டுக்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். வந்தான் என்பதைவிட, அவன் மனைவி மங்கம்மா பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தாள் என்பதுதான் சரி. ஆம்புரோஸ் கொதிக்க வைத்த உப்புத் தண்ணீரில் கழுவி, அழுகின சதையைக் கரண்டியால் சுரண்டியபோது, சன்னாசி அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினான். கட்டுப் போட்டு முடித்ததும் வெட்கம் வந்துவிட்டது. அதற்குப் பரிகாரமாக, தான் மந்தின் ஊரில் சேவற்சண்டைக்குப் போய்ச் சேவலையும் தோற்று, கட்டியிருந்த வேட்டியையும் தோற்று, வாழையிலையோடு வீடு வந்த கதையைச் சொன்னான். அந்தத் தோட்டத்துக்கு வந்தபின் ஆம்புரோஸ் முதல்முறையாகச் சிரித்தான்.

அதற்குப் பிறகு சன்னாசி தினமும் வந்தான். கட்டு மாற்றும் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். பேச்சு முடியாது. பொழுது சாயும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு எதையாவது அளந்துகொண்டிருப்பான். முதல் வாரம் "டிரஸ்ஸர் ஐயா" என்றவன் பிறகு "தம்பி" என்றான். மத்தியானம் ஆனதும் ஆம்புரோஸின் காது அவன் ஊன்றிவரும் கம்புச் சத்தத்துக்குக் காத்திருக்கத் தொடங்கியது. அந்தக் கம்பு இல்லாமல் அவன் நடந்து வந்த நாளில், புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் மூடியிருந்தது. குனிந்து தடவிப் பார்த்தபோது ஆம்புரோஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி டாக்டராம். அப்பா இதை வந்து பார்க்கட்டும் என்று நினைத்தான்.

அந்தப் பெருமைதான் வினையாகப் போயிற்று.

தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் பெரட்டு நடக்கும். எல்லோரும் களத்தில் வரிசையாக நிற்க, மண்டோர் பார்த்து வேலை பிரித்து விடுவார். துரை காலத்திலிருந்தே அதில் ஒரு வழக்கம் உண்டு. உடம்புக்கு முடியாதவர்கள் வேலை வரிசையில் நிற்காமல், ஒதுக்குப்புறமாக வேலியோரம் தனி வரிசையில் நிற்க வேண்டும். அதற்குப் பெயர் சீக்கு வரிசை. துரை போனாலும் வழக்கம் போகவில்லை, ஏனென்றால் இரண்டில் ஒன்றில் நின்றால்தான் சப்பான்காரன் கொடுக்கும் அரைப்பிடி அரிசி கிடைக்கும். மண்டோர் மாயாண்டி அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே நின்று பெரட்டு எடுப்பார்.

ஆம்புரோஸ் வருவதற்கு முன்பு ஒருமுறை லாரி வந்து சில இளந்தாரிகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. சயாமில் ரயில் ரோடு போடுகிறார்கள், மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்றார்கள். போனவர்கள் திரும்பவில்லை. அடுத்த லாரி வரும்போது வேலை வரிசையிலிருந்துதான் ஆள் பிடிப்பார்கள் என்று அதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. சின்னச் சிரங்கு இருந்தால்கூட வேலியோரம் போய் நின்றார்கள். ஆம்புரோஸிடம் மட்டும் இதை யாரும் சொல்லவில்லை. அவனோடு பேசத்தான் யாரும் கிடையாதே.

பேசுகிற ஒருவன் சொல்லிப் பார்த்தான். புண் ஆறிய மறுநாள், இன்னும் கொஞ்ச நாள் வேலியோரமே நிற்கிறேனே தம்பி, லாரி வந்தாலும் வரும் என்றான் சன்னாசி. ஆம்புரோஸ் சிரித்தான். லாரியில் போவது இஷ்டப்பட்டவர்கள்தானே, பேப்பரில் அப்படித்தான் போட்டிருக்கிறான் என்றான். லயத்தில் இன்னும் எத்தனை பேர் புண்ணோடு கிடக்கிறார்கள், உன்னை வேலை வரிசையில் பார்த்தால்தானே அவர்களுக்கு ஆஸ்பத்திரிப் படி ஏறத் தைரியம் வரும் என்றும் சொன்னான். "ஆறின காலை வச்சிக்கிட்டு நொண்டி வேசம் போடலாமாண்ணே? எனக்காக ஒருநாள் முன்னால நில்லுங்க."

சன்னாசி சரி என்றான். அத்தனை நாள் வலிக்க வலிக்கப் பார்த்துக்கொண்ட பையனுக்கு அவனால் வேறு எதைக் கொடுக்க முடியும்? மறுநாள் பெரட்டில் கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு வேலை வரிசையில் முதல் ஆளாக நின்றான். மாயாண்டி காலைப் பார்த்தார், ஆம்புரோஸைப் பார்த்தார். ஒருநாள் என்று கேட்டது ஒரு வாரமாக நீண்டது, ஏனென்றால் வேலை வரிசைக்கு மாறியவனை மாயாண்டி மறுபடி வேலியோரம் போகவிடவில்லை. அந்த வாரத்திலேயே லாரி வந்தது. சப்பான் சோல்சர் வரிசை வழியே நடந்து, முதலில் தொட்டது சன்னாசியின் தோளை.

லாரியில் ஏறும்போது சன்னாசி கத்தவில்லை, அழவில்லை. ஆம்புரோஸ் நின்ற பக்கம் திரும்பி, நல்லபடியாக இருங்கள் என்பதுபோல் கையை அசைத்தான். அதற்குப் பதில் அவன் காறித் துப்பியிருந்தால் ஆம்புரோஸ் எப்படியாவது தாங்கிக்கொண்டிருப்பான்.

பிறகு லயத்தில் அவன் நடந்தால் யாரும் எழுந்து நிற்கவில்லை. கதவைச் சாத்தினார்கள். சப்பான்காரனுக்கு ஆள் தேற்றிக் கொடுக்கத்தான் இவனை அனுப்பியிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டது அவன் காதிலேயே விழுந்தது. இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? எலும்புகளின் பெயர்களைப் படிப்பதை நிறுத்திவிட்டான். தன் குரலே அவனுக்குப் பிடிக்காமல் போனது. தான் ஏறிவந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு செரம்பானுக்குப் போய்விடலாம் என்று பலமுறை கிளம்பினான். போனால் சன்னாசி திரும்பி வரும்போது தான் இருக்க மாட்டோமே என்று ஒவ்வொரு முறையும் இறங்கி உள்ளே வந்தான்.

வேலியோர வரிசை மட்டும் நாளுக்கு நாள் நீண்டது. புண் இல்லாதவர்கள் புண் உண்டாக்கிக்கொண்டார்கள். ரப்பர் பாலை உறைய வைக்கும் திராவகம் ஸ்டோரில் மிச்சம் கிடந்தது. அதைத் துணியில் தொட்டுக் காலில் வைத்துக் கட்டினால் விடிவதற்குள் சதை வெந்துவிடும். ஆம்புரோஸ் தூரத்திலிருந்தே பார்த்துப் புரிந்துகொண்டான். யாரும் அவனிடம் வரவில்லை, அவனும் போகவில்லை.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் மங்கம்மா வந்தாள். சன்னாசி போன பிறகு அவள் ஆம்புரோஸ் பக்கம் திரும்பியதே இல்லை. அவளுடைய தம்பி முனியாண்டியை இரண்டு பேர் தூக்கிவந்து கட்டிலில் போட்டுவிட்டு முகம் கொடுக்காமல் போய்விட்டார்கள். இருபது வயதுப் பையன். திராவகம் அளவு தப்பிக் கெண்டைக்கால் கறுத்து அழுகியிருந்தது. காய்ச்சலில் உடம்பு அனலாகக் கொதித்தது. ஆம்புரோஸ் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டுக் கரண்டியைத் தேடினான். மங்கம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"இவன் செத்துறக் கூடாது ஐயா. ஆனா புண்ணு ஆறவும் கூடாது. உங்களால முடியுமா?"

அப்படி ஒரு வைத்தியத்தை எந்தப் புத்தகத்திலும் அவன் படிக்கவில்லை. முடியாது என்று சொல்லத்தான் வாய் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். முடியும் என்றான்.

கரண்டியால் அழுகலை எல்லாம் எடுத்தான். சீழை வடியவிட்டு, உள்ளே சுத்தம் செய்து, காய்ச்சல் இறங்கும்வரை பக்கத்திலிருந்து அசையவில்லை. சதை வளர்ந்து வாய் மூடப் பார்த்தபோது, துணியைத் திரியாகத் திரித்து உள்ளே வைத்து மூடவிடாமல் தடுத்தான். பெரட்டுக்குப் போகும்போது கட்டுக்கு மேலே ஊறிப்போன ஒட்டுப்பாலைத் தேய்த்துவிட்டான். புளித்து நாறும் அந்த ரப்பர் கழிவின் நாற்றத்துக்கு மாயாண்டியே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார். முனியாண்டியைப் பார்த்து மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். யாரும் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. காலை நீட்டினார்கள். அவன் கழுவினான், சாகாமல் பார்த்துக்கொண்டான், ஆறாமலும் பார்த்துக்கொண்டான். இப்போது ஆஸ்பத்திரி நிறைய ஆள் இருந்தது. ஆனால் சிரிக்கவோ கதை சொல்லவோ ஒருவனும் இல்லை. அவன் செய்வதற்குப் பெயர் வைக்க எல்லோருக்கும் பயம், அவனுக்குந்தான்.

மறுபடியும் லாரி வந்தது. இந்தமுறை ஒரு சப்பான் ஆபீசரும் கூட வந்தான். வேலை வரிசையில் எலும்பும் தோலுமாகச் சிலர்தான் நின்றார்கள். வேலியோரம் லயமே நின்றது. ஆபீசர் முனியாண்டிக்கு முன்னால் வந்து மூக்கைச் சுளித்தான். இந்த ஆளுக்கு வைத்தியம் பார்ப்பது யார், இத்தனை நாள் ஆகியும் ஏன் ஆறவில்லை என்று கேட்டதை, மாயாண்டி மலாயில் கேட்டுத் தமிழில் உரக்கச் சொன்னார். முன்னே ஒருத்தன் காலை இதே ஆள்தான் ஆற்றினான் என்பது மாயாண்டிக்கு நன்றாகத் தெரியும். அவர் அதைச் சொன்னால் தீர்ந்தது. ஆம்புரோஸ் முன்னால் வந்தான். மாயாண்டி வாயைத் திறப்பதற்குள் பேசிவிட வேண்டும் என்று தோன்றியது.

"நான்தான் பாக்கறேன். எனக்குப் புண்ணு ஆத்தத் தெரியாது. படிப்ப முடிக்கல."

மாயாண்டி ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு அதை அப்படியே மலாயில் சொன்னார், அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. ஆபீசர் "பகேரோ" என்று கத்தி ஓங்கி ஒரு அறை விட்டான். ஆம்புரோஸ் கீழே விழுந்தான். எழுந்து நின்றதும் இன்னொன்று விழுந்தது. இவன் டாக்டரே இல்லை என்று ஆபீசர் சொல்வதையும் மாயாண்டி மொழிபெயர்த்தார். சனங்கள் தலை குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேறிய நாலைந்து பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு லாரி போனது. ஏறியவர்களில் ஒருவனுடைய மனைவி களத்தில் உருண்டு அழுதாள். வேலியோரம் நின்றவர்கள் அவளைப் பார்க்க மாட்டாமல் கலைந்தார்கள்.

வெயில் ஏறியபின் மங்கம்மா தம்பியைக் கட்டு மாற்ற அழைத்துவந்தாள். ஆம்புரோஸின் உதடு வீங்கியிருந்தது. அவள் ஒரு துணியை நனைத்துக் கொடுத்தாள். அவன் வாங்கி உதட்டில் ஒற்றிக்கொண்டு, முனியாண்டியின் காலைத் தூக்கி மடியில் வைத்துக் கட்டைப் பிரித்தான். அவள் கட்டில் ஓரத்தில், சன்னாசி உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, அவன் கைகள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பேசவில்லை. சாதாரணமாக, யோசித்து யோசித்துத்தான் சொன்னாள்.

"இன்னைக்குச் சொன்னீங்களே, ஆத்தத் தெரியாதுன்னு. அவரு கால் விசயத்துலயும் உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கலாம் ஐயா."

முனியாண்டியின் புண்ணில் ஒரு பக்கம் புதுத்தோல் வந்து மூடத் தொடங்கியிருந்தது. ஆம்புரோஸ் புதுத் திரியை உப்புத் தண்ணீரில் நனைத்தான். மூடிக்கொண்டுவந்த அந்த ஓரத்தை விரலால் பிரித்து உள்ளே வைத்தான்.